திரை அச்சுக்கூடமும் கூட்டுழைப்பும்

திரை அச்சு என்றதும் நாகரசம்பட்டிப் பகுதியில் வாழும் நமக்கு நினைவில் எழுவன திருமண அழைப்பிதழும் துணிக்கடைப் பையுமே ஆகும். ஓசூர்த் தொழிற்கூடங்களை அறிந்தோர் மின்சுற்றுப் பலகையில் பதியும் கோடுகளையும் சேர்த்துக் கூறுவர். அதே சட்டமும் வலைத்துணியும் ரப்பர்ப் பட்டையும் கொண்டு உயர்ந்த ஓவிய நூல்களைப் பலர் கூடி ஆக்கும் முறையினை ஈண்டுக் காண்போம்.

சான்றுக்குத் தொலைதூரம் செல்ல வேண்டியதில்லை. கீதா வுல்ஃப் 1994இல் சென்னையில் தொடங்கிய தாரா பதிப்பகத்தின் கைவினை நூல்கள் ஏ.எம்.எம். ஸ்கிரீன்ஸ் என்னும் கூடத்தில் கையால் அச்சேறின. 2006இல் வெளிவந்த ‘தி நைட் லைஃப் ஆஃப் ட்ரீஸ்’ என்னும் நூல் மத்தியப் பிரதேசக் கோண்டு ஓவியர்களாகிய பஜ்ஜு ஷியாம், துர்கா பாய், ராம் சிங் உர்வேதி ஆகிய மூவரின் படைப்பாகும். கறுப்புக் கைக்காகிதத்தில் ஒளிரும் மரங்களைக் கொண்ட அந்நூல் 2008இல் இத்தாலியின் பொலோனாக் கண்காட்சியில் பரிசு பெற்றது.

இதன் தொழில்முறை எளிது, உழைப்போ பெரிது. ஒளியுணர் பசை பூசிய வலைத்துணிமேல் ஃபிலிமை வைத்து ஒளி பாய்ச்சினால், ஒளிபட்ட இடம் இறுகும். படம் மறைத்த இடம் நீரில் கரைந்து கண் திறக்கும். அக்கண்களின் வழியே மை இறங்கும். நிறத்துக்கொரு திரை வேண்டும். பக்கத்துக்கு 3 நிறமாக 10 பக்கம் கொண்ட நூலை 1,000 படிகள் எடுக்க, பட்டையை 30,000 முறை இழுத்தாக வேண்டும்! கைக்காகிதமோ ஆலைக் காகிதம் போல அடங்கி நிற்பதன்று. தாளுக்குத் தாள் தடிப்பு வேறுபடும். மழைநாளில் ஈரம் உறிஞ்சி விரியும். திங்களன்று முதல் நிறமும் புதனன்று அடுத்த நிறமும் ஏறுமிடத்து, இடையே தாள் மயிரிழை விரிந்தாலும் மானின் கொம்பு தலையை விட்டு விலகி நிற்கும். அதனை முதலில் காண்பது பட்டை இழுப்பவரின் கண்ணே.

அங்ஙனமாயின் அவர் வெறும் கூலியாளரா, படைப்பில் பங்காளரா? இவ்வினாவே நம் சிந்தனைக்குரியது. இலண்டனில் கெல்ப்ரா ஸ்டூடியோவை நிறுவிய கிறிஸ் பிரேட்டர், எடுவார்டோ பாவோலோசியுடன் இணைந்து 1965இல் ‘ஆஸ் இஸ் வென்’ என்னும் படத்தொகுதியை அச்சிட்டார். ஓவியரின் பெயரோடு அச்சாளரின் பெயரும் கலைவரலாற்றில் நிலைபெற்றது. மேலைநாட்டு அச்சுக்கூடங்கள் பல, தாளின் ஓரத்தில் தம் முத்திரையைப் பதிக்கும் வழக்கமுடையன. தாரா நூல்களிலும் அச்சிட்ட கூடத்தின் பெயர் இடம்பெறக் காண்கிறோம். ஓவியர்தம் பெயரோ அட்டையிலேயே உள்ளது. நாட்டார் ஓவியரைப் பெயரின்றி ‘பழங்குடிக் கலை’ எனக் கடந்துபோன நெடுங்கால வழக்கத்தை நோக்க, இது சிறு செய்தியன்று.

பெயர் மட்டும் வயிற்றை நிரப்பாது என மாணவர் கேட்பின், அதுவும் நியாயமே. எண்ணிக்கைக்குக் கூலி என்றால் கை விரையும். விலகிய தாளும் நல்ல தாள்களோடு கலந்துவிடும். ஆதலின் இத்தகைய கூடத்துக்கு மாதச் சம்பளமே ஏற்றது என்பது நம் கருத்து. செலவு கூடும், நூலின் விலையும் ஏறும் என்பதை மறுப்பதற்கில்லை.

கலை அச்சில் இன்னொரு நல்வழக்கமும் உண்டு. அச்சாளர் முதலில் சில மாதிரிகள் எடுப்பார். மை தடித்ததா, கோடு மங்கிற்றா என ஓவியரும் அவரும் நின்று வாதிடுவர். இருவரும் இசைந்த தாளில் ஓவியர் ஒப்பமிடுவார். பின்னர் வரும் ஒவ்வொரு தாளும் அதனோடு ஒப்பிடப்படும், ஒவ்வாதவை கழிக்கப்படும்.