கடற்கரையில் விடுமுறை: இறங்குமுன் கடலைப் படிப்போம்



பாடசாலை விடுமுறை வந்ததும் பிள்ளைகள் கேட்கும் முதற் கேள்வி, "அப்பா, இந்த முறை எங்கே போகிறோம்?" என்பதாகும். உறவினர் ஒன்றுசேர்ந்து வான் ஒன்றை வாடகைக்கு அமர்த்தி, சோற்றுப் பார்சல்களையும் தண்ணீர்ப் போத்தல்களையும் ஏற்றிக்கொண்டு, இரண்டு மூன்று நாள் தங்கிவரக் கிழக்குக் கரைக்குப் புறப்படுவது இன்று பல குடும்பங்களில் வழக்கமாகிவிட்டது. பாசிக்குடா, கல்குடா, நிலாவெளி, உப்புவெளி என்னும் பெயர்களைக் கேட்டாலே சிறுவர் துள்ளிக் குதிப்பர். 2009இல் போர் முடிந்த பின்னர் பாசிக்குடாவில் புதிய விடுதிகள் பல எழுந்துள்ளன.

ஆயின், மகிழ்ச்சியோடு புறப்படும் எல்லாக் குடும்பங்களும் மகிழ்ச்சியோடு திரும்புவதில்லை. போகும்போது நிறைந்திருந்த வானில் ஓர் இருக்கை வெறுமையாகத் திரும்பிவரும் துயரம் நமது நாட்டில் மீண்டும் மீண்டும் நிகழ்கின்றது. நாம் தீவில் பிறந்தவர்கள். எனினும் நம்மில் பலருக்கு நீந்தத் தெரியாது. கடலைப் பார்த்து வளர்ந்தோமேயன்றி, கடலைப் படித்து வளரவில்லை. அந்தப் படிப்பின் முதற் பாடத்தை இன்று சற்று ஆராய்வோம்.

1. காலமும் இடமும்

கடல் ஆண்டு முழுவதும் ஒரே குணத்தோடு இருப்பதில்லை. கிழக்குக் கரையில் சித்திரை முதல் புரட்டாதி வரை கடல் பெரும்பாலும் அமைதியாக இருக்கும். கார்த்திகை தொடக்கம் மாசி வரை வடகீழ்ப் பருவக்காற்றினால் அலை உயர்ந்து நீரோட்டம் வலுக்கும். நீர்கொழும்பு, பெந்தோட்டை, ஹிக்கடுவை முதலிய மேற்கு, தென்மேற்குக் கரைகளிலோ நிலைமை நேர்மாறானது. அங்கே வைகாசி முதல் புரட்டாதி வரை கடல் கொந்தளிக்கும். எனவே ஆவணியில் கிழக்கில் பிள்ளைகள் குளித்த அதே இடத்தில், மார்கழி விடுமுறையிலும் குளிக்கலாம் என எண்ணுவது பெருந்தவறாகும்.

காலத்தைப் போன்றே இடமும் முக்கியமானது. மட்டக்களப்பு நகருக்கு வடக்கே, வாழைச்சேனைக்கு அண்மையில் உள்ள பாசிக்குடா ஒரு குடா. அதன் வாயிலில் உள்ள முருகைக் கற்பாறைகள் வெளிக்கடலின் அலையைத் தடுத்து நிறுத்துகின்றன. ஆகவேதான் அங்கே நெடுந்தூரம் நடந்து சென்றாலும் நீர் இடுப்பளவைத் தாண்டுவதில்லை. அதற்கு அடுத்தே உள்ள கல்குடாவின் நீண்ட கரையோ வெளிக்கடலை நோக்கியது. அங்கு ஆழமும் இழுவையும் கூடுதலாகும். பாசிக்குடாவில் காலையிற் பெற்ற துணிவை மாலையில் கல்குடாவிற்குக் கொண்டுபோகலாகாது. நடுத்தர உயரமுள்ள ஒருவருக்கு இடுப்பளவான நீர், ஐந்து வயதுப் பிள்ளைக்குக் கழுத்தளவை எட்டும் என்பதையும் மறவாதீர்கள்.

2. அமைதியாகத் தோன்றும் இடம்

இனி, இப்பாடத்தின் உயிர்நிலைக்கு வருவோம். அலைகள் கரையை நோக்கி நீரைத் தள்ளிக்கொண்டே இருக்கின்றன. அந்த நீர் எப்படியும் கடலுக்குத் திரும்பியாக வேண்டும். அடியிலுள்ள மணற்றிட்டுகளுக்கிடையே பள்ளம் இருந்தால், அல்லது பாறைகளின் ஓரத்தில் வழி இருந்தால், நீர் அந்த ஒடுங்கிய பாதையால் ஆற்றைப் போல வேகமாக வெளியேறும். இதுவே கரையிலிருந்து கடலை நோக்கி இழுக்கும் நீரோட்டம். அது வலுத்திருக்கும் வேளையில், தேர்ந்த நீச்சல் வீரராலும் அதனை எதிர்த்துக் கரை சேர முடியாது.

இதிலுள்ள வஞ்சகம் யாதெனில், அந்தப் பாதையில் நீர் ஆழமாக இருப்பதால் அலைகள் அங்கே குறைவாகவே உடையும். இருபுறமும் வெண்ணுரை பொங்க, நடுவே மட்டும் அமைதியான ஒரு வாய்க்கால் போலத் தோன்றும். கடலை அறியாத தாயோ தந்தையோ, "அங்கே அலை பெரிது, இங்கே வாருங்கள்" என்று பிள்ளைகளை அன்போடு அழைத்துச் செல்லும் இடம் பெரும்பாலும் அதுவே! அலை இல்லாத இடம் பாதுகாப்பான இடம் என்ற நமது எண்ணமே நம்மை ஏமாற்றுகின்றது.

ஆகையால், வானிலிருந்து இறங்கியவுடன் கடலில் இறங்காதீர்கள். பத்து நிமிடம் கரையில், கூடுமானால் சற்று உயரமான இடத்தில் நின்று பாருங்கள். அலைகளின் வரிசையில் இடைவெளி உள்ளதா? ஓரிடத்தில் மட்டும் நீர் கருமையாகவோ மணல் கலங்கியோ தோன்றுகின்றதா? நுரையும் பாசியும் கடலை நோக்கி ஓடுகின்றனவா? இவற்றுள் ஒன்று தென்பட்டாலும் அவ்விடத்தை விட்டு விலகுங்கள். பின்னர், கரையில் வலை திருத்திக்கொண்டிருக்கும் கடற்றொழிலாளர் ஒருவரை அணுகி, "அண்ணை, பிள்ளையள் எந்த இடத்திலை இறங்கலாம்?" என்று கேளுங்கள். அந்தக் கரையைத் தன் வாழ்நாள் முழுவதும் படித்தவர் அவர். அவரிடம் கேட்பதில் எந்தக் குறைவும் இல்லை. உயிர்காப்பாளர் கடமையில் இருந்தால் அவர் காட்டும் எல்லைக்குள்ளேயே குளியுங்கள். சிவப்புக் கொடி பறந்தால் இறங்கவே வேண்டாம்.

3. அகப்பட்டுக்கொண்டால்

இந்த நீரோட்டம் ஆளைக் கீழே இழுப்பதில்லை. வெளியே இழுத்துச் செல்கின்றது. அதனை எதிர்த்து நீந்திக் களைத்துப்போவதனாலேயே பலர் மூழ்குகின்றனர். எனவே பதற்றமடையாமல் மல்லாந்து மிதந்து, கையை உயர்த்தி உதவி கோருங்கள். நீந்தத் தெரிந்தவர் கரையை நோக்கியன்றி, கரைக்குச் சமாந்தரமாகப் பக்கவாட்டில் நீந்தி இழுவையிலிருந்து விலகி, அலை உடையும் இடத்தினூடாகக் கரை சேரலாம்.

கரையில் நிற்பவர்களும் ஓர் உண்மையை அறிய வேண்டும். மூழ்கும் மனிதர் பெரும்பாலும் கூக்குரல் இடுவதில்லை. மூச்சு விடவே முடியாதவர் எவ்வாறு சத்தமிடுவார்? வாய் நீர்மட்டத்தில், தலை பின்னே சாய்ந்து, ஓசையின்றியே ஒரு நிமிடத்துக்குள் அமிழ்ந்துவிடுவார். ஆகவே பிள்ளைகள் நீரில் இருக்கும்போது பெரியவர் ஒருவர், கைத்தொலைபேசியைப் பையில் வைத்துவிட்டு, அவர்களையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். "எல்லாரும் பார்க்கிறோம்" என்றால் ஒருவரும் பார்க்கவில்லை என்பதே பொருள். சிறு பிள்ளைகளுடன் கைக்கெட்டும் தூரத்தில் ஒருவர் நீரில் நிற்க வேண்டும்.

ஒருவர் அகப்பட்டால் உடனே பாய்ந்துவிடாதீர்கள். தம்பியைக் காக்கப் பாய்ந்த அண்ணனும் சேர்ந்து மாளும் துயரம் இவ்வாறே நேர்கின்றது. மூடிய வெற்றுப் பிளாஸ்ரிக் கலன், பந்து, கயிறு ஆகியவற்றில் எது கிடைத்தாலும் எறியுங்கள். உயிர்காப்பாளரையும் வள்ளக்காரரையும் கூவி அழையுங்கள். வேண்டுமானால் மூடியோடு கூடிய கலன் ஒன்றையும் நீண்ட கயிற்றையும் வீட்டிலிருந்தே கொண்டு செல்லலாம்.

கரைசேர்த்தவர் மூச்சின்றிக் கிடந்தால், தலைகீழாகத் தூக்குவதும் வயிற்றை அமுக்கி நீரை வெளியேற்றுவதும் கூடாது. அது பொன்னான நேரத்தை வீணாக்கும். ஒருவர் 1990 என்னும் இலக்கத்துக்கு அழைத்து அம்புலன்சைக் கோர, மற்றவர் உடனே வாயோடு வாய் வைத்து ஐந்து முறை மூச்சூதி, பின் மார்பின் நடுவே 30 தடவை அழுத்தி, இரு முறை மூச்சூதி, உதவி வரும்வரை இவ்வாறே தொடர வேண்டும். செஞ்சிலுவைச் சங்கம், சென் ஜோன் அம்புலன்ஸ் ஆகியன இம்முதலுதவியைக் கற்பிக்கின்றன. குடும்பத்தில் ஒருவராவது கற்றிருப்பது நன்று.

4. இன்னும் சில

மது அருந்தியவர் எவரையும் கடலில் இறங்க விடாதீர்கள். இதில் உறவுமுறைக்கோ நட்புக்கோ முகம் பார்க்க வேண்டாம். கோபித்துக்கொண்டால் நாளை சமாதானம் ஆகலாம்; உயிர் திரும்பி வராது. முருகைக் கற்கள் உயிருள்ளவை. அவற்றின்மேல் ஏறி நின்றால் அவை சிதையும், நமது கால்களும் வெட்டுப்படும். கரையொதுங்கிய சொறிமுட்டைகளைச் சிறுவர் தொடாது பார்த்துக்கொள்ளுங்கள். 2004 மார்கழி 26ஐ நாம் மறக்க முடியாது: நிலம் அதிர்ந்தாலோ, கடல் வழமைக்கு மாறாக உள்வாங்கினாலோ, வேடிக்கை பார்க்காது உயரமான இடத்துக்கு ஓடுங்கள்.

கடல் நமக்குப் பகைவன் அன்று. நமது மக்களுக்குச் சோறு போடுவதும் அதுவே. அதனை நாள்தோறும் நம்பி வாழும் தொழிலாளர், அதனைப் பார்த்துவிட்டே வள்ளத்தைத் தள்ளுகின்றனர். ஒரு நாள் குளிக்கச் செல்லும் நாம், பத்து நிமிடம் பார்ப்பதற்கு ஏன் அவசரப்பட வேண்டும்?

புறப்படுமுன் வீட்டில் பேசிக்கொள்ள:

1. நாம் போகும் கரையில், போகும் மாதத்தில், கடல் எவ்வாறு இருக்கும்?

2. பிள்ளைகளைப் பார்க்கும் பொறுப்பு எந்த நேரத்தில் எவருடையது?

3. நீரோட்டத்தில் அகப்பட்டால் செய்ய வேண்டியதைப் பிள்ளைகள் தங்கள் சொந்தச் சொற்களில் சொல்வார்களா?

இம்மூன்றுக்கும் விடை கிடைத்த பின்னர் வானில் ஏறுங்கள். போனவர் அனைவரும் அதே வானில் திரும்பி வருவதே நல்ல விடுமுறை.