வனவியற் கல்வியும் வணிகர் வீட்டுப் பிள்ளைகளும்



பரீட்சை முடிவுகள் வெளியாகும் காலத்தில் நம் கடைகளில் எழும் கேள்வி ஒன்றே: "பையனை அடுத்து எதில் சேர்ப்பது?" மருத்துவம், சட்டம், கணக்கியல் ஆகிய மூன்றையும் தாண்டி நம் நினைவு செல்வது அரிது. இவற்றில் இடம் கிடைக்காத பிள்ளை, படிப்பில் ஆர்வம் இருந்தும் கல்லாவுக்குத் திரும்பிவிடுகிறான். மலேசியாவின் நிலப்பரப்பில் பாதிக்கு மேல் காடு. அந்தக் காட்டைப் பற்றியே கற்பிக்கும் பல்கலைக்கழகப் படிப்பொன்று உண்டென்பதையும், அது நம் தொழிலுக்கு மிக நெருங்கியது என்பதையும் இங்கே எடுத்துரைக்க விரும்புகிறோம்.

வனவியல் என்பது யாது?

காட்டின் பயனைப் பெற்று, அதை அடுத்த தலைமுறைக்கும் குறைவின்றி விட்டுச்செல்லும் வழியைக் கற்பிப்பதே வனவியல். வணிகருக்கு இதை விளக்குவது எளிது. கடையின் முதல் வேறு, இலாபம் வேறு என்பதை நாம் அறிவோம். காட்டில் நிற்கும் மரங்கள் முதல். ஆண்டுதோறும் அவை பருக்கும் அளவே இலாபம். இலாபத்தை மட்டும் எடுத்தால் காடு நிலைக்கும். ஆனால், அந்த இலாபம் எவ்வளவு என்று கண்டறிவதுதான் கடினம். குளிர்நாட்டு மரங்களில் காணும் ஆண்டு வளையங்கள் நம் நாட்டுக் காட்டு மரங்கள் பலவற்றில் தெளிவாகத் தெரிவதில்லை. ஆகவே, ஒரே மரத்துக்கு எண்ணிட்டு, சில ஆண்டுகள் கழித்து மீண்டும் அளந்தே அதன் வளர்ச்சியை அறிகிறார்கள்.

தீபகற்ப மலேசியாவில் 1978-ஆம் ஆண்டில் வகுக்கப்பட்ட, தேர்ந்தெடுத்து வெட்டும் முறை இக்கணக்கை அடிப்படையாகக் கொண்டது. முதலில் காட்டை அளக்க வேண்டும். குறித்த பருமனுக்குக் குறைந்த மரங்களை விட்டுவைக்க வேண்டும். ஏறக்குறைய 30 ஆண்டுகள் கழித்தே அதே இடத்தில் மீண்டும் வெட்ட வேண்டும். இதில் இன்று நேரும் பிழையை அடுத்த தலைமுறைதான் அனுபவிக்கும். கற்றவர் கையில் இப்பணி இருக்கவேண்டிய காரணம் இதுவே.

கெப்போங் காட்டும் சான்று

கோலாலம்பூருக்கு அருகிலுள்ள கெப்போங்கில், ஈயச் சுரங்கமும் காய்கறித் தோட்டமும் இருந்து பாழ்பட்ட நிலத்தை 1926-இல் டாக்டர் ஃபாக்ஸ்வொர்தி என்பவர் ஆராய்ச்சிக்காகத் தேர்ந்தெடுத்தார். 1929-இல் அங்கு வன ஆராய்ச்சி நிலையம் தோன்றியது. ஆண்டுதோறும் மரங்களை நட்டு, அளந்து, குறித்து வந்தார்கள். இன்று அது அடர்ந்த காடு. 2025-இல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியச் சின்னங்களின் பட்டியலில் சேர்த்தது. அறிவும் பொறுமையும் சேர்ந்தால் பாழ்நிலமும் காடாகும் என்பதற்கு இதனினும் நற்சான்று வேண்டுவதில்லை.

எங்கே கற்பது?

செர்டாங்கிலுள்ள மலேசியப் புத்ரா பல்கலைக்கழகத்தில் வனவியல் கற்பிக்கும் புலம் உண்டு. மாணவர்களின் களப்பயிற்சிக்காகப் பூச்சோங்கிலுள்ள ஆயர் ஈத்தாம் காட்டை 1996-இல் சிலாங்கூர் அரசு 80 ஆண்டுக் குத்தகைக்கு அப்பல்கலைக்கழகத்திடம் கொடுத்தது. கோத்தா கினபாலுவிலுள்ள சபா பல்கலைக்கழகத்திலும் வெப்பமண்டல வனவியல் கற்பிக்கப்படுகிறது. மரங்களை இனங்காணல், மண்ணியல், நில அளவை, பலகையின் தன்மைகள், வனச் சட்டம், பொருளாதாரம் ஆகியவை பாடங்கள். செயற்கைக்கோள் படங்களையும் ட்ரோன்களையும் கொண்டு காட்டை அளக்கவும் கற்கிறார்கள். இப்படிப்பை நாடும் பிள்ளைகள் உயிரியல், வேதியியல், கணிதம் ஆகியவற்றில் ஊன்றிக் கற்க வேண்டும். அரசாங்க வேலையை நாடுவோர் எஸ்.பி.எம். தேர்வில் மலாய் மொழியிலும் நல்ல தேர்ச்சி பெறுவது அவசியம்.

என்னென்ன வேலைகள்?

வன இலாகா, வனவிலங்கு இலாகா, ஆராய்ச்சி நிலையம் ஆகியவை முதலில் நினைவுக்கு வருவன. அரசாங்க இடங்கள் எண்ணிக்கையில் குறைவு என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஆனால், வாய்ப்பு அத்துடன் முடிவதில்லை. உருட்டு மரங்களை அப்படியே ஏற்றுமதி செய்வதைத் தீபகற்ப மலேசியா 1985-இல் தடுத்துவிட்டது. பலகை ஆலைகளுக்கும், ஒட்டுப்பலகை ஆலைகளுக்கும், மூவார் வட்டாரத்து நாற்காலி மேசைத் தொழிலுக்கும் மரத்தின் குணமறிந்தவர் தேவை. நம் முன்னோர் பால்மரம் வெட்டிய தோட்டங்களில், பால் வற்றிய மரம் ஒருகாலத்தில் விறகாய்ப் போயிற்று. இன்று அதைப் பூஞ்சையும் வண்டும் அண்டாமல் பதப்படுத்தி, உலர்த்தி, உயர்ந்த மேசை நாற்காலிகளாக்கி அயல்நாடுகளுக்கு அனுப்புகிறார்கள். நகரங்களில் சாலையோர மரங்களைச் சோதித்துப் பேணும் பணிக்கும் இப்படிப்பு உதவும். சிங்கப்பூரில் இது தனித் தொழிலாகவே வளர்ந்துள்ளது.

நம் வணிகத்துக்கு என்ன தொடர்பு?

அத்தர்க் கடையில் விற்கும் ஊதுக்கட்டையை எடுத்துக்கொள்வோம். அகில் மரத்தின் நல்ல கட்டை வெளிறியது, மணமற்றது. மரம் காயப்பட்டுப் பூஞ்சை புகுந்த இடத்தில், தன்னைக் காக்க அது சுரக்கும் பிசினே நாம் விலை கொடுத்து வாங்கும் மணம். அதற்காக மரங்களைக் கண்மூடி வெட்டியதால், மலாக்கா அகில் இனம் 1995-இல் சைட்டிஸ் என்னும் உலக உடன்படிக்கையின் கட்டுப்பாட்டுக்குள் வந்தது. பின்னர் அகில் இனம் முழுவதும் சேர்க்கப்பட்டது. இன்று உரிய அனுமதிச் சீட்டின்றி அதை எல்லை கடத்தினால் சரக்கும் போகும், பெயரும் போகும்.

மரம், ரப்பர், செம்பனை எண்ணெய் முதலியவற்றுக்கு ஐரோப்பிய ஒன்றியம் 2023-இல் ஒரு சட்டம் இயற்றியது. 2020-ஆம் ஆண்டு முடிவுக்குப் பின் காட்டை அழித்த நிலத்தில் அவை விளையவில்லை என்பதை, நிலத்தின் இருப்பிடக் குறிப்போடு காட்டவேண்டும் என்கிறது அச்சட்டம். மலேசியாவிலும் மரத்துக்குச் சான்றளிக்கும் மன்றம் 1998-இல் அமைந்தது. அதன் முறையை 2009-இல் பி.இ.எஃப்.சி. என்னும் உலக அமைப்பு ஏற்றது. சரக்கு எந்த நிலத்திலிருந்து வந்தது என்று சொல்லத் தெரியாத வியாபாரி இனி நல்ல சந்தையை இழப்பார். இதை அறிந்த ஒரு பிள்ளை வீட்டிலிருந்தால், நம் தொழிலுக்கு எவ்வளவு பலம்!

ஒரு வேண்டுகோள்

இப்படிப்பு எல்லாருக்கும் பொருந்தாது. மழை, அட்டைக்கடி, நெடுந்தூர நடை, வீட்டைவிட்டுத் தொலைவில் வாசம் ஆகியவற்றைத் தாங்கும் மனம் வேண்டும். அத்தகைய மனமுள்ள பிள்ளை, ஆணாயினும் பெண்ணாயினும், கேட்கும்போது "காட்டில் உனக்கென்ன வேலை?" என்று தடுத்துவிடாதீர்கள். ஒரு விடுமுறை நாளில் கெப்போங்குக்கு அழைத்துச் செல்லுங்கள், மரங்களைக் காட்டுங்கள், பாடத் தேர்வுக்கு முன்பே ஆசிரியரைக் கலந்து பேசுங்கள். பிரம்பும் சாம்பிராணியும் ஊதும் பலகையும் விற்று வளர்ந்த சமுதாயம் நம்முடையது. அப்பொருள்களின் அறிவும் நம் பிள்ளைகளுக்கு உரியதாகட்டும்.