தார்ச்சாலையும் செம்மண் தடமும்

கீழ்க்காணும் உரைநடைப் பகுதியை வாசித்திடுக.

பேராக் மாநிலத்தின் தாழ்நிலத்திலிருந்து கேமரன் மலைக்கு இரண்டு சாலைகள் ஏறிச் செல்கின்றன. பழைய சாலை தாப்பாவில் தொடங்குகிறது. புதிய சாலை ஈப்போவுக்கு அருகிலுள்ள சிம்பாங் பூலாயில் தொடங்குகிறது. மலைமீதுள்ள சிற்றூர்கள் பகாங் மாநிலத்தைச் சேர்ந்தவை என்றாலும், இவ்விரு சாலைகளும் பேராக்கில்தான் புறப்படுகின்றன. தாப்பாவிலிருந்து தானா ராத்தா வரையுள்ள ஏறக்குறைய 60 கிலோமீட்டர் தூரத்தை மிதிவண்டியில் கடப்போர், நிலத்தின் வரலாற்றையும் சேர்த்தே கடக்கின்றனர்.

மிதிவண்டிக்கும் பேராக்கிற்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. 1877-ஆம் ஆண்டில் 22 ரப்பர் கன்றுகள் சிங்கப்பூருக்குக் கொண்டுவரப்பட்டன. அவற்றுள் ஒன்பது கன்றுகள் பேராக்கின் கோலக்கங்சாரில் நடப்பட்டன. 1888-இல் ஜான் பாய்ட் டன்லப் என்பவர் காற்றடைத்த மிதிவண்டிச் சக்கரத்திற்குக் காப்புரிமை பெற்றார். மிதிவண்டிகளும் பின்னர் மோட்டார் வாகனங்களும் பெருகப் பெருக, ரப்பரின் தேவையும் பன்மடங்கு உயர்ந்தது. மலாயாவில் காடுகள் தோட்டங்களாயின. அத்தோட்டங்களில் பால்மரம் வெட்டத் தமிழகத்திலிருந்து ஆயிரக்கணக்கானோர் வந்து சேர்ந்தனர். உலகின் சாலைகளில் உருண்ட சக்கரங்களுக்குப் பின்னால், விடியுமுன் எழுந்து பால்வாளி சுமந்தவர்களின் உழைப்பு இருந்தது.

மலையடிவாரத்துத் தோட்டப்பாதைகள் செம்மண்ணாலும் சரளைக்கற்களாலும் ஆனவை. பால்மரங்கள் நின்ற இடங்களில் இன்று பெரும்பாலும் செம்பனை வளர்ந்துள்ளது. தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது பல குடும்பங்கள் நகரங்களுக்குக் குடிபெயர்ந்தன. எனினும், லயத்து வீடுகள் இருந்த இடத்தைச் சிறு கோவிலோ பழைய தமிழ்ப்பள்ளியோ இன்றும் பல இடங்களில் காட்டிக் கொடுக்கிறது. இத்தகைய பாதையில் சக்கரத்தின் காற்றைச் சற்றே குறைத்துக்கொள்வது நல்லது. அப்போது சக்கரம் மண்ணில் அகலமாகப் படிந்து பிடிமானம் பெறும். தளர்ந்த சரளையில் முன்தடையை மட்டும் திடீரென அழுத்தினால் முன்சக்கரம் வழுக்கிவிடும். ஆகவே, இரு தடைகளையும் மெல்ல மெல்ல அழுத்த வேண்டும்.

தாப்பாவைக் கடந்ததும் தார்ச்சாலை வளைந்து வளைந்து ஏறத் தொடங்குகிறது. தானா ராத்தா கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,440 மீட்டர் உயரத்தில் உள்ளது. சராசரியாகக் கணக்கிட்டால், ஒவ்வொரு 100 மீட்டருக்கும் சாலை இரண்டு மீட்டருக்குச் சற்று அதிகமாக உயர்கிறது. எண்ணளவில் இது சிறிதாகத் தோன்றலாம். ஆனால், ஏற்றம் மணிக்கணக்கில் நீடிப்பதால், தொடக்கத்தில் விரைபவர் பாதி வழியிலேயே சோர்ந்துவிடுவார். இலேசான பல்சக்கரத்தில், ஒரே சீராக மிதிப்பவரே மேலே சென்றடைவார். வழியில் லாத்தா இஸ்கண்டார் அருவியும், செமாய் பூர்வக்குடியினர் பெத்தாயும் தேனும் மூங்கில் குருத்தும் விற்கும் சிறு கடைகளும் உள்ளன. 1,000 மீட்டர் ஏறினால் வெப்பம் ஏறக்குறைய ஆறு பாகை குறையும். எனவே, வியர்வையில் நனைந்த உடலுக்கு மேலே மெல்லிய மேற்சட்டை தேவைப்படும்.

ரிங்லெட்டை அடைந்ததும் மேட்டுநிலச் சிற்றூர்கள் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. தானா ராத்தா, பிரிஞ்சாங், திரிங்காப், கம்போங் ராஜா ஆகியவை அவற்றுள் சில. 1929-இல் தொடங்கப்பட்ட போ தேயிலைத் தோட்டம் இவ்வட்டாரத்தின் அடையாளங்களுள் ஒன்று. காட்டைத் திருத்தி இம்மலைச் சரிவுகளில் தேயிலை நட்டவர்களிலும் தமிழர் பலர். இங்கே தார்ச்சாலையிலிருந்து பிரியும் தடங்கள், தேயிலைச் செடிகளுக்கும் காய்கறித் தோட்டங்களுக்கும் இடையே செல்கின்றன. அவை உழைப்பாளர்கள் நாள்தோறும் நடக்கும் வழிகள். ஆதலால், அனுமதி பெற்று நுழைவதும், கொழுந்துச் சுமையுடன் வருபவருக்கு இறங்கி வழிவிடுவதும் மிதிவண்டியோட்டியின் கடமையாகும்.

மேட்டுநிலத்தில் கவலைக்குரிய காட்சியும் உண்டு. சரிவுகளில் மரங்கள் அகற்றப்படும்போது மண்ணைப் பிடித்துவைக்க வேர்கள் இல்லாமற் போகின்றன. கனமழையில் அம்மண் ஆறுகளில் இறங்கி, ரிங்லெட் ஏரியில் வண்டலாகப் படிகிறது. ஏரியின் ஆழம் குறைவதால் அது தேக்கிவைக்கும் நீரின் அளவும் குறைகிறது. மிதிவண்டி புகையை வெளியிடுவதில்லை. ஆயினும் அதுவும் மண்ணைக் காயப்படுத்தக் கூடும். ஈரமான செம்மண் தடத்தில் சக்கரம் பதிக்கும் கோடு, அடுத்த மழையில் நீரோடும் வாய்க்காலாகிறது. பலர் அதே கோட்டில் சென்றால் வாய்க்கால் பள்ளமாகிறது. இங்கு மழை பெரும்பாலும் பிற்பகலில் பெய்வதால், விடியற்காலையில் புறப்படுவது பாதுகாப்பைத் தருவதோடு தடத்தையும் காக்கும். மழை பெய்த பின் மண்தடத்தை விட்டுத் தார்ச்சாலைக்குத் திரும்புவதே அறிவுடைமை.

தார்ச்சாலை விரைவைத் தருகிறது. செம்மண் தடமோ நிதானத்தைக் கற்பிக்கிறது. மகிழுந்தின் கண்ணாடிக்குள் அமர்ந்து செல்பவருக்குத் தோட்டமும் மலையும் வெறும் காட்சிகளாகவே நின்றுவிடலாம். மிதித்து ஏறுபவருக்கோ ஒவ்வொரு திருப்பமும் உழைப்பாகிறது. இம்மலையில் சாலையமைக்கவும் தேயிலை நடவும் எத்தனை கைகள் உழைத்திருக்கும் என்பதை அவர் தம் கால்வலியால் ஓரளவு உணர்கிறார். அவ்வுணர்வோடு பயணம் செய்பவர், தாம் கடந்த தடத்தை அடுத்து வருபவருக்கும் பழுதின்றி விட்டுச் செல்வார்.

கருத்துணர் கேள்விகள்

1. மிதிவண்டிக்கும் பேராக் மாநிலத்திற்கும் உள்ள தொடர்பு யாது?

2. செம்மண் தடத்தில் சக்கரத்தின் காற்றைக் குறைப்பதன் பயனை விளக்குக.

3. மலைச் சரிவில் மரங்களை அகற்றுவது ஏரியை எவ்வாறு பாதிக்கிறது?

4. 'செம்மண் தடமோ நிதானத்தைக் கற்பிக்கிறது' என்னும் கூற்றின் உட்கருத்தை விவரித்து எழுதுக.

5. உம் வட்டாரத்தில் இருந்த தோட்டம் ஒன்றைப் பற்றி மூத்தோரிடம் கேட்டறிந்து, ஒரு பத்தியில் எழுதுக.