வார்ப்புருவால் அமையும் இணையத்தளம்



இணையத்தளம் என்னும் சொல்லை இன்று அறியாதார் இலர். பிரிட்டன் நாட்டு அறிஞர் டிம் பெர்னர்ஸ்-லீ, ஜெனீவா நகருக்கு அருகிலுள்ள செர்ன் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றியபோது, 1989ஆம் ஆண்டில் உலகளாவிய வலைக்கான திட்டத்தை முன்வைத்தார். 1993ஆம் ஆண்டு ஏப்ரல் 30ஆம் நாள், அதனை எவரும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம் என்று அவ்வாய்வுக்கூடம் அறிவித்தது. அந்நாளைய தளங்கள் பெரும்பாலும் தனித்தனியே எழுதப்பட்ட பக்கங்களின் தொகுப்பாகவே இருந்தன. பக்கங்கள் பெருகப் பெருக ஓர் இடர் தோன்றிற்று. அவ்விடரையும் அதனை நீக்கும் முறையையும் இங்குக் காண்போம்.

ஒரு தவறு தந்த பாடம்

முன்பு நாங்கள் ஒரு பள்ளிக்காக 24 பக்கங்கள் கொண்ட தளம் ஒன்றை அமைத்தோம். ஒவ்வொரு பக்கத்தின் மேலும் பள்ளியின் பெயர். அடியில் முகவரியும் தொலைபேசி எண்ணும். இவற்றை 24 பக்கங்களிலும் தனித்தனியே எழுதினோம். ஈராண்டுகளுக்குப் பின் தொலைபேசி எண் மாறியது. எல்லாப் பக்கங்களையும் திருத்திவிட்டதாகவே எண்ணினோம். ஆனால், 2 பக்கங்கள் விடுபட்டுப் போயின. அவற்றுள் ஒன்று, பள்ளிப் பேருந்தின் நேரங்களைக் காட்டும் பக்கம்.

ஒரு நாள் பெருமழையால் பேருந்து வரவில்லை. முதலாம் ஆண்டு மாணவன் ஒருவனின் தாயார் அப்பக்கத்தில் கண்ட பழைய எண்ணையே மீண்டும் மீண்டும் அழைத்தார். மறுமொழி இல்லை. சிறுவன் பள்ளி அலுவலகத்தில் பாதுகாப்பாகவே இருந்தான். அதனை அறியாத தாயோ ஒரு மணி நேரம் கலங்கித் தவித்தார். தவறு எங்களுடையது. கவனக்குறைவு மட்டும் காரணமன்று. ஒரே செய்தியை 24 இடங்களில் எழுதிவைத்த முறையே பிழையானது என்பதை அன்று உணர்ந்தோம்.

வார்ப்புரு என்பது யாது?

வீட்டில் அம்மா முறுக்குப் பிழிவதைக் கண்டிருப்பீர்கள். அச்சு ஒன்றே; அடியில் இடும் தட்டை மாற்றினால் முறுக்கும் பிழியலாம், ஓமப்பொடியும் பிழியலாம். அதுபோலவே, மாறாத பகுதிகளை ஒருமுறை எழுதி, மாறும் பகுதிகளுக்கு வெற்றிடம் விட்டு வைக்கும் அமைப்பே வார்ப்புரு எனப்படும். ஒரு வார்ப்புருவின் வெற்றிடத்தில் மற்றொரு வார்ப்புருவைப் பொருத்துதலும் கூடும். இதனை அடுக்கு வார்ப்புரு எனலாம்.

இதனைக் கையால் செய்து பார்ப்போமா? மணிலா அட்டை ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். மேலே பள்ளியின் பெயரையும் கீழே தொலைபேசி எண்ணையும் எழுதி, நடுவில் பெரிய சன்னல் ஒன்றை வெட்டுங்கள். இதுவே தாய் வார்ப்புரு. இரண்டாம் தாளில், அச்சன்னலின் வழியே தெரியுமாறு ‘விளையாட்டுப் பிரிவு’ எனத் தலைப்பிட்டு, அதன் கீழே சிறிய சன்னல் ஒன்றை வெட்டுங்கள். இது கிளை வார்ப்புரு. மூன்றாம் தாளில், சிறிய சன்னலுக்கு நேரே ஓட்டப் பந்தயத்தின் முடிவுகளை எழுதுங்கள். மூன்றையும் வரிசையாக அடுக்கினால் முழுமையான ஒரு பக்கம் தோன்றும். மூன்றாம் தாளை மாற்றினால் செய்தி மாறும். இரண்டாம் தாளை மாற்றினால் பிரிவு மாறும். தொலைபேசி எண் மாறினாலோ, மேல் அட்டையை மட்டும் திருத்தினால் போதும். 24 திருத்தங்கள் ஒரே திருத்தமாகச் சுருங்கிவிட்டன அல்லவா?

கணினியில் நிகழ்வது

கணினியிலும் இதுவே நிகழ்கிறது. நீங்கள் ஒரு பக்கத்தைக் கேட்டவுடன் உங்கள் உலாவி அவ்வேண்டுகோளைச் சேவையகத்திற்கு அனுப்புகிறது. சேவையகம் உரிய செய்திகளைத் தரவுத்தளத்திலிருந்து எடுத்து, வார்ப்புருக்களின் வெற்றிடங்களில் நிரப்பி, முழுப் பக்கமாக்கி அனுப்புகிறது. கேட்கும் வேளையில் பக்கம் உருவாவதால் இத்தகைய தளத்தை இயங்குநிலைத் தளம் என்பர். உலாவி வார்ப்புருவைக் காண்பதில்லை. நிறைவுற்ற பக்கத்தையே காண்கிறது.

ராஸ்மஸ் லெர்டார்ஃப் 1995ஆம் ஆண்டில் வெளியிட்ட பி.எச்.பி. என்னும் கருவி, பின்னர் ஒரு நிரல்மொழியாக வளர்ந்து, இத்தகைய பக்கங்களை ஆக்கப் பெரிதும் பயன்பட்டது. அதில் ‘இன்குளூட்’ என்னும் கட்டளையால் ஒரு சிறு பகுதியைத் தனியே எழுதி, வேண்டும் இடங்களிலெல்லாம் சேர்த்துக்கொள்ளலாம். 2005ஆம் ஆண்டில் பொதுவில் வெளியான ஜாங்கோ, அமெரிக்காவின் லாரன்ஸ் நகரில் ஒரு செய்தித்தாளின் இணையப் பணிக்காக உருவானது. அதில் ‘பிளாக்’ என்பது சன்னலைக் குறிக்கும். ‘எக்ஸ்டெண்ட்ஸ்’ என்பது எந்தத் தாய் வார்ப்புருவைச் சார்ந்தது என்பதைக் கூறும். கிளை வார்ப்புரு ஒரு சன்னலை நிரப்பாது விட்டால், தாய் வார்ப்புருவில் அச்சன்னலுக்கென எழுதிவைத்ததே தோன்றும்.

நினைவிற்கொள்ள வேண்டியவை

முதலாவது, அடுக்குகளை அளவோடு வைத்தல் வேண்டும். பள்ளித் தளத்திற்கு மூன்று அடுக்குகளே போதுமானவை. மிகுந்தால், பிழை எந்த அடுக்கில் உள்ளது எனத் தேடுவதே பெரும்பாடாகும். இரண்டாவது, ஒவ்வொரு சன்னலுக்கும் பொருள் விளங்கும் பெயரிடுதல் வேண்டும். மூன்றாவது, பிறர் எழுதி அனுப்பும் செய்தியைக் கட்டளையாக இயங்க விடாது, வெறும் எழுத்தாகவே காட்டுதல் வேண்டும். இல்லையேல் தீயோர் அதன்வழித் தீங்கு புகுத்துவர். நான்காவது, தாய் வார்ப்புருவில் நேரும் பிழை எல்லாப் பக்கங்களிலும் தோன்றும். ஆதலின், அதனைத் திருத்தியபின் பல பக்கங்களைத் திறந்து சரிபார்த்தல் இன்றியமையாதது.

அப்பள்ளியின் தளத்தை நாங்கள் இம்முறையில் மீண்டும் அமைத்தோம். தொலைபேசி எண் இப்போது ஓரிடத்தில் மட்டுமே உள்ளது. ஒரு செய்தியை ஓரிடத்தில் எழுதுக, எங்கும் பயன்படுத்துக. அந்தத் தாயின் கலக்கம் எங்களுக்குக் கற்பித்த பாடம் இதுவே.

மாணவச் செல்வங்களே! விடுமுறையில் அட்டையும் கத்தரிக்கோலும் கொண்டு இப்பயிற்சியைச் செய்து பாருங்கள். பின்னர் கணினியின்முன் அமருங்கள். நாளை நம் பள்ளியின் தளத்தைக் கட்டி எழுப்பும் கைகள் உங்கள் கைகளாகவே இருக்கட்டும்!