மண் எங்கே போகிறது?

கிழக்கேகோட்டையில் பஸ்ஸை விட்டு இறங்கினால் பக்கத்திலேயே சாலைக் கடைத்தெரு. அங்கே மரச்சீனிக் கிழங்கு விற்பார்கள். கிழங்கில் மண் ஒட்டியிருக்கும். கிழங்கோடு வரும் மண் கொஞ்சம்தான். மழையோடு போகும் மண்தான் அதிகம்.

நெடுமங்காடு, வெள்ளநாடு பக்கம் சரிவான நிலங்கள் உண்டு. அங்கே மண்ணைக் கிளறி, மேடாகக் கூட்டி, மரச்சீனிக் கம்பு நடுவார்கள். செடி தழைக்கச் சில மாதம் ஆகும். அதுவரை மண் திறந்தே கிடக்கும். ஜூன் மாத மழை அடித்தால் மேல்மண் கரைந்து ஓடும்.

பயிருக்கு வேண்டிய சத்து மேல்மண்ணில்தான் இருக்கிறது. ஓர் அங்குல மேல்மண் உண்டாகப் பல நூறு ஆண்டுகள் ஆகும். அது போய்விட்டால் விளைச்சல் குறையும். உரச்செலவு கூடும். கடனும் வரும்.

நகரத்துக்கும் நஷ்டம்தான். திருவனந்தபுரத்துக்குக் குடிநீர் தருவது கரமனை ஆற்றின் அருவிக்கரை அணை. மலைச்சரிவில் கரையும் மண் ஆற்றில் சேர்கிறது. அணையில் சேறாகப் படிகிறது. சேறு ஏறினால் தண்ணீர் நிற்கும் இடம் குறையும்.

மண்ணை எப்படிக் காப்பது?

1. சரிவுக்குக் குறுக்கே கல் கையாலை கட்டலாம். ஓடும் நீர் அங்கே நின்று, மண்ணை விட்டுச் செல்லும்.
2. சரிவுக்குக் குறுக்கே வரிசை பிடித்து நடலாம்.
3. மரச்சீனிக்கு இடையில் பயறு விதைக்கலாம். அது மண்ணை மூடும்.
4. வரப்பில் வெட்டிவேர் நடலாம். அதன் வேர் ஆழமாக இறங்கி மண்ணைப் பிடிக்கும்.

கேரள அரசில் மண் பாதுகாப்புக்கென்றே ஒரு துறை இருக்கிறது. 2014-ல் இந்தத் துறை பாறோட்டுகோணத்தில் மண் அருங்காட்சியகம் திறந்தது. கேரளத்தின் பலவகை மண்ணை அங்கே பார்க்கலாம். ஸ்ரீகாரியத்தில் கிழங்கு ஆராய்ச்சி நிலையம் 1963 முதல் இருக்கிறது. உங்கள் பஞ்சாயத்தின் கிருஷி பவனிலும் யோசனை கேட்கலாம்.

ஆனால் அரசு உதவியால் மட்டும் மண் நிற்காது. கையாலையில் ஒரு கல் சரிந்தால், நீரெல்லாம் அந்த ஓட்டை வழியே பாயும். கீழே இருப்பவர் நிலத்தையும் அறுக்கும். மழைத் தண்ணீருக்கு உன் நிலம், என் நிலம் என்ற பேதம் இல்லை. ஆகவே மேல்நிலத்துக்காரரும் கீழ்நிலத்துக்காரரும் மழைக்கு முன்பே சேர்ந்து பார்க்க வேண்டும். விழுந்த கல்லை அன்றே எடுத்து வைக்க வேண்டும்.

பேசுவோம்

உங்கள் ஊரில் மழைநீர் என்ன நிறத்தில் ஓடுகிறது?
அந்த மண் யாருடைய நிலத்திலிருந்து வருகிறது?
அதைத் தடுக்க யார் யார் சேர வேண்டும்?