இலையுதிர் கால மலைநடை: தெளிந்த வானம் ஏமாற்றும்

அக்டோபரில் இமாசலப் பிரதேசத்தின் தர்மசாலா பக்கம் போகிறவர்கள் மெக்லியாட்கஞ்சிலிருந்து திரியுண்ட் மலைமுகட்டுக்கு ஒரே நாளில் ஏறி இறங்கிவிடலாம். பருவமழை ஓய்ந்திருக்கும். ஆனாலும் காலையில் பளீர் வெயில், பிற்பகலில் திடீர் மேகம், கூடவே ஆலங்கட்டி என்று வானம் மாறலாம்.

உடையில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். 1,000 மீட்டர் ஏறினால் வெப்பம் சுமார் 6 டிகிரி குறையும். திரியுண்ட் 2,800 மீட்டருக்கு மேல். ஒரே தடித்த ஸ்வெட்டரைவிட மூன்று மெல்லிய அடுக்குகள் மேல்: உள்ளே பாலியஸ்டர் அல்லது கம்பளி பனியன், நடுவில் ஃப்ளீஸ், வெளியே மழைக்கோட்டு. பருத்தி பனியனும் ஜீன்ஸும் வேண்டவே வேண்டாம். நனைந்தால் லேசில் காயாது, குளிர் எலும்பு வரை ஏறும். ஏறும்போது வியர்ப்பதற்கு முன்பே ஓர் அடுக்கைக் கழற்றுங்கள், நின்றதும் போட்டுக்கொள்ளுங்கள். குடையா? முகட்டுக் காற்றில் அது சுமைதான்.

மாற்று பனியன், காலுறைகளை பிளாஸ்டிக் பையில் கட்டி வையுங்கள்.

மின்னலுக்கும் இடிக்கும் இடையே 30 வினாடிகூட இல்லையென்றால் உடனே முகட்டைவிட்டு இறங்குங்கள். தனி மரத்தடியில் ஒதுங்காதீர்கள்.

அக்டோபர் கடைசியில் ஆறு மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். காலை 7 மணிக்குள் கிளம்பி, எங்கே இருந்தாலும் பிற்பகல் 1 மணிக்குத் திரும்பிவிடுங்கள். 'இதோ உச்சி தெரிகிறதே' என்ற சபலம்தான் ஆபத்து. குளிரில் கைபேசியின் சார்ஜ் சீக்கிரம் இறங்கும். அதை உள்சட்டைப் பையில் வைத்து, டார்ச்சைத் தனியாக எடுத்துச் செல்லுங்கள்.