பரோட்டா: சொல்லும் அடுக்கும்

கல்லூரியில் சேர்ந்த அன்று, விண்ணப்பத்தில் தந்தையின் தொழில் என்ற இடத்தில் ‘கூலி’ என்று எழுதினேன். என் தந்தையார் புதூரில் பரோட்டா போடுபவர். அதை எழுத அன்று கை வரவில்லை. எழுதக் கூசிய அந்தச் சொல்லையே இங்கு ஆராயத் துணிந்தேன்.

இந்தியில் ‘பரத்’ என்றால் அடுக்கு. ‘ஆட்டா’ என்றால் மாவு. இவ்விரண்டும் இணைந்தே ‘பராட்டா’ ஆயிற்று என்பர். வடக்கே அது கோதுமை மாவு, நம்மிடம் மைதா. பெயரும் வாய்க்கு வாய் மாறியது. ஒரு கடைப் பலகையில் ‘பரோட்டா’, எதிர்க்கடையில் ‘புரோட்டா’. சிங்கப்பூரிலோ ‘ரொட்டி பிராட்டா’.

இத்தாலியரின் லசான்யாவும் மாவுத் தகடுகளை அடுக்கிச் சமைப்பதே. சமையல் பாத்திரத்தைக் குறித்த ‘லசானும்’ என்ற இலத்தீன் சொல்லே அதன் மூலம் என்பர் ஒரு சாரார்; தட்டையான மாவுப் பண்டத்தைக் குறித்த ‘லாகனோன்’ என்ற கிரேக்கச் சொல் என்பர் மற்றொரு சாரார். முன்னது சரியெனில், ‘பாலை இறக்கு’ என்னும் நம் தானியாகுபெயருக்கு அது நேர்மாறு!

நம் கரிசலில் விளையும் கம்பிலும் சோளத்திலும் இத்தகைய அடுக்கு ஏன் வருவதில்லை? கோதுமையிலுள்ள குளுட்டெனின், கிளையடின் என்னும் புரதங்கள், நீர் விட்டுப் பிசையும்போது குளூட்டன் என்ற இழுபடும் வலையாகின்றன. கம்பு மாவில் அந்த வலை இல்லை, இழுத்தால் பிய்ந்துவிடும். பிசைந்த உடனே வீசினால் மைதாவும் சுருங்கிக்கொள்ளும். உருண்டைகளை எண்ணெயில் ஊறவிட்டால் வலை தளர்ந்து, மாவு துணிபோல் விரியும். அதை மடித்துச் சுருட்டும்போது இடையிலுள்ள எண்ணெய் ஒட்டவிடாது. கல்லின் சூட்டில் எழும் நீராவி இதழ்களைப் பிரிக்கும். பிறகு நாலைந்தை அடுக்கி இருபுறமும் தட்ட வேண்டும்.

இதில் பெயர்கள் மட்டுமே எனக்குப் புதியவை. “மாவு முறைச்சுக்கிட்டு நிக்குலே, கொஞ்சம் தூங்கட்டும்” என்று தந்தையார் சொல்லக் கேட்டே வளர்ந்தவன் நான்.

இவ்வாண்டு உதவித்தொகை விண்ணப்பத்தில் ‘பரோட்டா மாஸ்டர்’ என்றே எழுதினேன். அன்றிரவு கடையில், பரத் என்றால் அடுக்கு என்று தந்தையாரிடம் விளக்கினேன். கல்லிலிருந்து எடுத்த ஒன்றைப் பிரித்து நீட்டிக் காட்டினார்.

“அடுக்கு எங்கலே இருக்கு? ஒரே மாவத்தான சுத்தி வச்சிருக்கேன்!”

லசான்யாவில் தகடுகள் தனித்தனி. பரோட்டாவில் இருப்பது ஒரே தகட்டின் சுருள். நான் படித்த சொற்பிறப்பு விளக்கம் எதிலும் இவ்வேறுபாடு இல்லை.